எந்த சைட் நல்லம் என்று கேட்கிறவர்களுக்கு

மட்டக்களப்பில் இப்போது பொடியன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “எந்த கசினோ சைட் நல்லம்?” கல்லடிக் கடற்கரையில், ஓட்டோ நிறுத்துமிடத்தில், கலியாண வீட்டில் பந்தி முடிந்து கதிரை போட்டு இருக்கும்போது, யாராவது ஒருவன் போனை நீட்டுவான். திரையில் ஒரு விமானம் ஏறிக்கொண்டிருக்கும், அல்லது பழங்கள் சுழன்றுகொண்டிருக்கும். நான் கடன் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவன். அதனால்தான் கேள்வி என்னைத் தேடி வருகிறது.

“விளையாடாத” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது சுகம். சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நிமிடமே வட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட இணைப்பை அழுத்துவார்கள். அதனால், சரி, ஒப்பிட்டுப் பார்ப்போம், ஆனால் ஒழுங்காகப் பார்ப்போம் என்கிறேன். எந்த சைட் கூடப் போனஸ் தருகிறது என்று பார்ப்பதில் ஒன்றும் இல்லை. உள்ளே போட்ட காசு எந்த வழியால் வெளியே வரும், வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது, விளையாடுகிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் என்ன விலை கொடுக்கிறோம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்து அளந்தால், நம் போனுக்குள் தானாக வந்து விழுகிற சைட்டுகளில் பெரும்பாலானவை பதிவு செய்யும் பக்கத்துக்கு முன்னமே கழிந்துபோகும். நான் அறிந்த மட்டில் அதுதான் நிலைமை.

‘சிறந்த பத்து கசினோக்கள்’ என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியலை எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் கசினோவேதான் காசு கொடுக்கிறது. அதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, இணைப்பை அழுத்திப் போய்ப் பதிவு செய்து காசு போடுகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தொகை. மற்றது, அந்த ஆள் தோற்கிற காசில் பங்கு. இந்தப் பங்கு நூற்றுக்கு 25, 30, 40 என்றெல்லாம் போகும். தோற்கிற அந்த ஆள் சைட்டில் கணக்கை வைத்திருக்கும் காலம் முழுக்கத் தொடர்வதும் உண்டு. நீங்கள் தோற்றால்தான் பட்டியல் எழுதியவருக்கு வருமானம் என்றால், அவர் கொடுக்கிற ஐந்து நட்சத்திரத்தை என்னவென்று எடுப்பது? யூரியூப்பில் தான் வென்றதைக் காட்டுகிறவரும், ரெலிகிராமில் ‘அண்ணா சொல்றன், இதில சேருங்க’ என்கிறவரும் இதே வரிசைதான். இணைப்பின் கடைசியில் அவருடைய பெயரோ ஒரு குறியீட்டு இலக்கமோ ஒட்டியிருந்தால் விசயம் விளங்கிவிடும்.

அடுத்தது அனுமதிப்பத்திரம். சைட்டின் அடியில், ஒருவரும் இறங்கிப் பார்க்காத இடத்தில், சாம்பல் நிற எழுத்தில் ஒரு பந்தி இருக்கும். கம்பனியின் பெயர், பதிவு இலக்கம், எந்த நாட்டு அனுமதி என்பதெல்லாம் அங்கேதான். அந்த முத்திரையை அழுத்தினால் அது அனுமதி கொடுத்த அமைப்பின் சொந்தப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பதிவேட்டில் கம்பனியின் பெயரோடு நீங்கள் நிற்கிற சைட்டின் முகவரியும் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். முத்திரை வெறும் படமாக இருந்தால், அல்லது அழுத்தும்போது அதே சைட்டின் இன்னொரு பக்கம் திறந்தால், அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு இலக்கத்தையும் இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றி மாதத்துக்கொரு முகவரியில் வருகிற சைட்டுகளும் இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

முத்திரை உண்மையாக இருந்தாலும் எல்லா அனுமதியும் ஒரே கனம் இல்லை. பிரித்தானியாவின் சூதாட்ட ஆணைக்குழு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. கடுமையாக நடக்கிற அமைப்பு என்று பெயர். 2020 ஏப்ரலில் கடன் அட்டையால் சூதாடுவதைத் தடைசெய்தது. 2021 ஒக்டோபரில் இருந்து ஸ்லொட் என்கிற, பழங்கள் சுழலும் விளையாட்டுகளில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் குறைந்தது 2.5 வினாடி இருக்க வேண்டும் என்றது. தானே சுழலும் வசதியை நிறுத்தியது. போட்டதைவிடக் குறைவாகத் திரும்பி வரும்போது வெற்றி இசை போட்டு ஏமாற்றுவதையும் தடுத்தது. 2025இல் பிரித்தானிய அரசு இணைய ஸ்லொட்டில் ஒரு சுற்றுக்கு 5 பவுண், 18 முதல் 24 வயது வரையானவர்களுக்கு 2 பவுண் என்று மேல் எல்லை வைத்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் பிரித்தானியாவில் இருக்கிற வாடிக்கையாளருக்கு. ஆரையம்பதியில் இருந்து ரூபாய்க் கணக்குத் திறக்கிறவருக்கு இல்லை. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே சின்னம். ஆனால் இலண்டனில் இருப்பவரை ஒரு கம்பனியும் நம்மை இன்னொரு தீவில் பதிந்த வேறொரு கம்பனியும் பொறுப்பெடுக்கும். விதிமுறைப் பக்கத்தில் நாடுகளின் பட்டியல் இருக்கும். இலங்கைக்காரர் எந்தக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்கிறார் என்று அதில் தேடிப் பாருங்கள்.

நம் பக்கம் வருகிறவை பெரும்பாலும் குராசோ அல்லது அஞ்ஜுவான் அனுமதியோடு வருகின்றன. குராசோ கரிபியன் கடலில் உள்ள தீவு. நீண்ட காலம் அங்கே நான்கு பெரிய அனுமதிதாரர்களே மற்றவர்களுக்கு உப அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முறைப்பாடு செய்ய ஒழுங்கான இடம் இருக்கவில்லை. 2024 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. இப்போது அரச அதிகாரசபையே நேரடியாக அனுமதி கொடுக்கிறது. பழைய இலக்கத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கும் சைட் என்றால் சந்தேகிக்க நியாயம் உண்டு. அஞ்ஜுவான், கொமொரோஸ் நாட்டுத் தீவு. அங்கே அனுமதி எடுப்பது இலகு, செலவும் குறைவு. மால்ட்டா இவற்றைவிட மேல்தான். ஆனாலும் 2023இல் அந்த நாடு தன் கசினோ கம்பனிகளுக்கு எதிராக வெளிநாட்டு நீதிமன்றங்கள் கொடுக்கும் சில தீர்ப்புகளைத் தன் மண்ணில் நிறைவேற்றாமல் விடச் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் வழக்குப் போட்டு வென்றவர்கள் அந்தச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஐரோப்பாக்காரருக்கே அந்த நிலைமை என்றால், களுவாஞ்சிகுடியில் இருந்து ஒருவர் எந்தக் கோட்டுக்குப் போவார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. கசினோவில் விலைச்சீட்டு தொங்குவதில்லை, ஆனால் விலை இருக்கிறது. சக்கரம் சுழன்று பந்து எந்த இலக்கத்துக் குழியில் விழும் என்று காசு வைக்கிற ரூலெட்டை எடுப்போம். ஐரோப்பிய சக்கரத்தில் பூச்சியத்தில் இருந்து 36 வரை 37 குழிகள். எல்லா இலக்கத்திலும் நூறு நூறு ரூபாய் வைத்தால் 3,700 ரூபாய். எது விழுந்தாலும் வென்ற இலக்கத்துக்கு 3,500 லாபமும் வைத்த நூறும் சேர்த்து 3,600 திரும்பி வரும். நூறு ரூபாய் கசினோவுக்கு, நூற்றுக்கு 2.7. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூச்சியம் ஒன்று கூட இருப்பதால் 3,800க்கு அதே 3,600தான், நூற்றுக்கு 5.26. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒரு பச்சைக் குழி கூட இருக்கிறதா என்று பார்த்தால் விலை இரண்டு மடங்கா இல்லையா என்று சொல்லிவிடலாம். பக்கரா என்ற சீட்டு விளையாட்டில், வங்கி, ஆட்டக்காரன் என்ற இரண்டு பக்கத்தில் வங்கிப் பக்கம் வைத்தால் நூற்றுக்கு 1.06 போகும், சமநிலை விழும் என்று எட்டு மடங்குக்கு ஆசைப்பட்டு வைத்தால் 14க்கு மேல் போகும். ஒரே மேசை, ஒரே சீட்டுக்கட்டு.

செத்த வீட்டில் இரவிரவாக 304 சீட்டு விளையாடுகிற நம்மவர்களுக்கு இதை இப்படிச் சொன்னால் பிடிபடும்: அங்கே ஒருவர் தோற்ற காசு மற்றவர் கைக்குப் போகும், விடியும்போது மேசையில் இருந்த மொத்தக் காசு மொத்தமாகவே இருக்கும். இங்கே ஒவ்வொரு கைக்கும் மேசையில் இருந்து கொஞ்சம் எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு ஒருவன் இருக்கிறான், அவன் சீட்டுப் பிடிப்பதே இல்லை.

ஸ்லொட் விளையாட்டில் இந்த விலை ‘திரும்பும் வீதம்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். 96 வீதம் என்றால், சுழற்றுகிற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக நாலு ரூபாய் போகும். இது போட்ட காசில் நாலு வீதம் அல்ல, சுழற்றிய காசில். அங்கேதான் பொடியன்கள் பிழைவிடுகிறார்கள். நூறு ரூபாய்ச் சுற்று, ஆறு வினாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 600 சுற்று. 60,000 ரூபாய் சுழன்றிருக்கும். சராசரி இழப்பு 2,400 ரூபாய். அதாவது ஒரு மணித்தியாலத்தின் விலை 2,400. கூலிக்குப் போகிறவர் தன் ஒருநாள் சம்பளத்தோடு இதை வைத்துப் பார்க்கட்டும். வேகத்தைக் கூட்டும் பொத்தான் இருந்தால் விலையும் அதே அளவு கூடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விளையாட்டைச் செய்கிற கம்பனிகள், பிரக்மடிக் பிளே, பிளேன் கோ போன்ற பெரிய பெயர்களும் கூட, ஒரே விளையாட்டைப் பல வீதங்களில் கொடுக்கின்றன: 96, 94, இன்னும் கீழே. எதை எடுப்பது என்பது கசினோவின் விருப்பம். இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் கூடிய வீதம். நீங்கள் நிற்கிற சைட்டில் எது என்று அறிய, அந்த விளையாட்டுக்குள்ளேயே போய்த் தகவல் பொத்தானை அழுத்தி, பக்கம் பக்கமாகத் தள்ளிக் கடைசிவரை வாசிக்க வேண்டும். இரண்டு சைட்டுகளை ஒப்பிடுவதற்கு நான் அறிந்ததில் இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை: ஒரே விளையாட்டு, இரண்டு இடம், எது குறைவாக எடுக்கிறது? பதிவு செய்யாமல் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே விடாத சைட் தன் விலையை மறைக்கிறது என்றுதான் எடுக்க வேண்டும்.

போனஸைப் பற்றி என் அக்காவின் மகனோடு ஒருநாள் இருந்து பார்த்தேன். “மாமா, பத்தாயிரம் போட்டா பத்தாயிரம் சும்மா தாறான்” என்றான். “சும்மா ஆர் மனே தாறான், விதிமுறையத் திற பாப்பம்” என்றேன். திறந்தான். காசை எடுக்க முன் 35 மடங்கு சுழற்ற வேண்டும், ஏழு நாளுக்குள். சங்கத்தின் பழைய பற்றுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அவனையே எழுதச் சொன்னேன். பத்தாயிரம் பெருக்கல் 35, மூன்றரை இலட்சம். அதில் நாலு வீதம் பதினாலாயிரம். பத்தாயிரம் பரிசைக் கையில் எடுக்க சராசரியாகப் பதினாலாயிரம் இழக்க வேண்டும். பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “இன்னும் வாசி” என்றேன். 35 மடங்கு போனஸுக்கு மட்டும் இல்லை, போட்ட காசும் சேர்த்து என்று அடுத்த வரியில் இருந்தது. ஏழு இலட்சம், இருபத்தெண்ணாயிரம். ஏழு நாளில் முடிக்க ஒருநாளைக்கு ஒரு இலட்சம், நூறு ரூபாய்ச் சுற்றாக ஆயிரம் சுற்று. “ஓம் மாமா, இது ஏழு நாளும் விடாம சுத்தோணும்” என்றான்.

அதற்குக் கீழேயும் வாசித்தோம். ரூலெட்டிலும் பிளக்ஜாக் சீட்டிலும் வைக்கிற காசில் பத்து வீதம் மட்டுமே சுழற்றுக் கணக்கில் சேரும். போனஸ் இருக்கும்வரை ஒரு சுற்றில் குறித்த தொகைக்கு மேல் வைக்கக் கூடாது; ஒருதரம் மீறினாலும் வென்றது முழுக்க இரத்து. போனஸில் எவ்வளவு வென்றாலும் எடுக்கக்கூடியதற்கு மேல் எல்லை உண்டு. பிரித்தானியாவில் இந்தச் சுழற்று நிபந்தனையைப் பத்து மடங்குக்குமேல் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். நமக்குக் காட்டுகிற 35, 40, 50 மடங்கை அந்தப் பத்தோடு வைத்துப் பாருங்கள். போனஸ் வேண்டாம் என்று தெரிவு செய்கிற வசதி பதிவுப் பக்கத்திலேயே இருக்கிறதா என்பதும் ஒரு நல்ல கேள்வி. இல்லாத சைட் உங்கள் காசை முதல் நாளே கட்டிப்போடுகிறது.

விமான விளையாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பொடியன்கள் அதில்தான் அதிகம் இருக்கிறார்கள். விமானம் ஏறும், பெருக்கம் கூடும், பறந்து மறைவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். 97 வீதம் திரும்புகிற விளையாட்டு என்று வைத்தால், இரண்டு மடங்கைத் தொடும் சந்தர்ப்பம் நூற்றுக்கு ஏறக்குறைய 48.5, பத்து மடங்கைத் தொடுவது நூற்றுக்கு 9.7. எங்கே எடுத்தாலும் அந்த மூன்று வீதம் போகும். நேரத்தோடு எடுப்பது திறமை மாதிரித் தோன்றும், கணக்கில் மாற்றம் ஒன்றும் இல்லை. கடைசி இருபது சுற்றுகளை மேலே வரிசையாகக் காட்டுவார்கள். அடுத்த சுற்றுக்கு அந்த வரிசை தெரியாது. ‘எப்ப பறக்கும் எண்டு முன்னமே சொல்ற அப்’ என்று ரெலிகிராமில் விற்கிறார்களே, அது முழுப் பொய். முடிவைத் தீர்மானிக்கிற கணக்கு சேவருக்குள் மறைந்தே இருக்கும், வெளியே இருந்து எந்த அப்பும் அதை முன்கூட்டியே பார்க்க முடியாது. பார்க்க முடிந்தவன் அதை ஐயாயிரம் ரூபாய்க்கு உங்களிடம் விற்கமாட்டான். அந்த அப்பைப் போனில் ஏற்றினால் வங்கிக் குறுஞ்செய்தியை வாசிக்கவும் அனுமதி கேட்கக்கூடும் என்பதைக் கவனியுங்கள்.

காசு போடும் வழியில்தான் எனக்கு உண்மையான பயம். பல சைட்டுகளில் ‘உள்ளூர் வங்கிப் பரிமாற்றம்’ என்று அழுத்தினால் ஒரு தனி ஆளின் பெயரும் கணக்கு இலக்கமும் வரும். காலையில் ஒரு பெயர், பின்னேரம் வேறொரு பெயர். காசைப் போட்டுச் சிலிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். ஒரு கம்பனி தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளாமல் யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கில் காசு வாங்குகிறது என்றால், அதற்கு மேல் அந்த சைட்டை ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிரச்சினை வந்தால் உங்களிடம் இருப்பது முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்களாகவே அனுப்பிய காசின் சிலிப் மட்டும்.

அதன் மறுபக்கம் இன்னும் மோசம். அந்தக் கணக்குகள் யாருடையவை? நம்மைப் போன்றவர்களுடையவைதான். ‘உங்கட கணக்க மட்டும் தாங்க, வாற காசுக்கு கொமிசன் தாறம்’ என்று கேட்டு, வேலையில்லாத பிள்ளைகளிடம் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்குகிறார்கள். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க காசு தூயதாக்கல் தடைச் சட்டம், அதாவது குற்றத்தால் வந்த காசை நல்ல காசாகக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம், இருக்கிறது. உங்கள் கணக்கால் போன காசுக்கு உங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள். கணக்கு முடங்கினால் அம்மா கட்டாரில் இருந்து அனுப்புகிற காசும் அதிலேயே நிற்கும். தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஆர் கேட்டாலும் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

எடுக்கும் வழியைக் காசு போடுவதற்கு முன் வாசியுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்கலாம், ஒரு நாளைக்கும் மாதத்துக்கும் மேல் எல்லை எவ்வளவு, எத்தனை நாள், எந்த ஆவணம்? ஐநூறு ரூபாய் போட விட்டு ஐயாயிரத்துக்குக் குறைய எடுக்க விடாத சைட்டுகள் உண்டு. போடும்போது ஒன்றும் கேட்காமல், எடுக்கும்போது அடையாள அட்டை, தண்ணீர் பில், வங்கிக் கூற்று, கையில் அட்டையைப் பிடித்தபடி படம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதும், ‘படம் தெளிவில்லை’ என்று திருப்பி அனுப்புவதும் பழைய முறை. அந்த இடைவெளியில் எடுக்கக் கேட்ட காசைத் திரும்ப விளையாட்டுக்குள் இழுக்கும் பொத்தான் ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும். பிரித்தானியாவில் அதையும் தடைசெய்திருக்கிறார்கள், காரணம் விளக்கத் தேவையில்லை. ஆவணச் சரிபார்ப்பை முதலிலேயே முடிக்க விடுகிறதா, சிறு தொகையை எடுத்துப் பார்க்க முடிகிறதா என்பதில்தான் ஒரு சைட்டின் குணம் தெரியும். மற்றவர்கள் எழுதிய முறைப்பாடுகளை வாசிக்கும்போது நட்சத்திரத்தை விடுங்கள். காசு எடுக்கப்போனவர்களுக்கு என்ன நடந்தது, கம்பனி என்ன பதில் போட்டது என்பதை மட்டும் பாருங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. கசினோக்களுக்கென்று 2010இல் ஒரு சட்டம் வந்தது. 2025இல் நாடாளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது, இணையச் சூதாட்டத்தையும் அதற்குள் கொண்டுவந்து. அதே ஆண்டு ஓகஸ்டில்தான் கொழும்பில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய கசினோ திறந்தது. கொழும்பு மேசைக்குப் போக இலங்கையர் டொலர் கணக்கில் நுழைவு வரி கட்ட வேண்டும்; போனில் வருகிற மேசைக்குப் பஸ் காசும் தேவையில்லை. அந்த வித்தியாசம்தான் என்னை எழுத வைக்கிறது. வாரத் தவணை நுண்கடன் இந்த மாவட்டத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவன் நான். 2018இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அந்தக் கடன் வீட்டுப் படலைக்கு வந்த மாதிரி இது கைக்குள்ளேயே வந்திருக்கிறது. தாலிக்கொடியும் காப்பும் அடகுக்குப் போகிற வீடுகளில் காரணம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; சைட் செய்தவன் அவர்களுடைய நேரத்தையும் கைவிரலையும் அளந்துதான் அதைச் செய்திருக்கிறான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சேரத்தான் போகிறீர்கள் என்றால், பதிவு செய்த உடனே, காசு போடுவதற்கு முன், கணக்கு அமைப்புக்குள் போய் நாள் எல்லை, மாத எல்லை வையுங்கள். எல்லையைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வர வேண்டும், கூட்டினால் காத்திருக்க வைக்க வேண்டும். மறுவளமாக இருந்தால் அந்த எல்லை பேருக்குத்தான். தன்னைத்தானே ஆறு மாதமோ ஒரு வருடமோ விலக்கிக்கொள்ளும் வசதி எங்கே என்றும் தேடிப் பாருங்கள். ‘வாடிக்கையாளர் சேவையோடு கதையுங்கள்’ என்று மட்டும் போட்டிருந்தால், அவர்கள் இன்னொரு போனஸோடுதான் கதைப்பார்கள்.

ஏற்கெனவே உள்ளே மாட்டியவர்கள் முதலில் சைட்டில் சேமித்த அட்டையை நீக்குங்கள். பிறகு வங்கிக்குப் போன் போட்டு அந்த அட்டையின் இணையக் கொடுக்கல் வாங்கல் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லி மின்னஞ்சல் எழுதி, பதிலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ரெலிகிராம் குழுக்களில் இருந்து வெளியேறுங்கள். தனியே கையாள முடியவில்லை என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பைத்தியம் என்று ஊரில் கதைப்பார்கள். கதைக்கட்டும், நீங்கள் போங்கள். கடன் ஏறியிருந்தால், அடுத்த கடன் எடுப்பதற்கு முன் என்னைப் போலக் கணக்குத் தெரிந்த யாரிடமாவது முழுப் பட்டியலையும் கொண்டு போங்கள், ஒன்றையும் ஒளிக்காமல்.